கடைசி நாற்பது கிலோமீட்டர்

(ஆதரவாளர்களின் ஸ்தோத்திரக் கூட்டத்தில் மருத்துவமனைச் சாப்ளின் அளித்த செய்தியின் எழுத்து வடிவம்)





2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நம் மருத்துவமனைக் குடும்பத்திலிருந்து நாங்கள் 12 பேர் சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை சைக்கிளில் சென்றதை நீங்கள் அறிவீர்கள். காசநோயாளிகளின் தொடர் சிகிச்சை நிதிக்காகவே அந்தப் பயணம். உங்களில் பலர் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று காணிக்கை கொடுத்தீர்கள். சிலர் ஆலய வாசலில் மோரும் வாழைப்பழமும் வைத்துக்கொண்டு எங்களுக்காக வெயிலில் நின்றீர்கள். முதலில் அதற்காக ஆண்டவரை ஸ்தோத்திரித்து, உங்களுக்கு நன்றி சொல்லுகிறோம்.

பயணம் முழுவதையும் விவரிக்கும்படி கேட்டிருக்கிறார்கள். ஒன்பது நாளையும் சொல்லத் தொடங்கினால் பின்னால் காத்திருக்கும் பகல் உணவு ஆறிவிடும். ஆகவே கடைசி ஒரு நாளை மட்டும் சொல்லுகிறோம். ஆண்டவர் எங்களுக்குப் பாடம் வைத்திருந்தது அந்த நாளில்தான்.

புறப்பட்டவர்கள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறோம். டாக்டர் ஒருவர், நர்சுகள் மூவர், ஆய்வகத்துத் தம்பிகள் இருவர், எக்ஸ்ரே பிரிவுத் தம்பி ஒருவர், அலுவலகத்திலிருந்து இருவர், சமையற்கூடத்து அண்ணன் ஒருவர், அறுபது வயதைத் தாண்டிய உங்கள் சாப்ளின். பன்னிரண்டாவது ஆள் ஒரு கொத்தனார். அவர் நம் ஊழியர் அல்ல. நம்மிடம் சிகிச்சை பெற்றவர். அவரைப் பற்றிச் சொல்ல அவர் எங்களுக்கு அனுமதி தந்தார். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். ஆகவே கொத்தனார் தம்பி என்றே சொல்லுகிறோம்.

முதல் நாள் மேல்மருவத்தூர். பிறகு விழுப்புரம், பெரம்பலூர், திருச்சி. ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் ஆராதனையும் ஓய்வும். அதன்பின் துவரங்குறிச்சி, மதுரை, சாத்தூர், திருநெல்வேலி. இரவுகளில் ஆலய மண்டபங்களிலும் பள்ளிக்கூட அறைகளிலும் பாய் விரித்துப் படுத்தோம். எங்கள் சைக்கிள்களில் பெரும்பாலானவை கியர் இல்லாத சாதாரண சைக்கிள்கள். டியூபும் பம்பும் குடிதண்ணீரும் ஏற்றிக்கொண்டு மருத்துவமனை வேன் பின்னால் வந்தது.

எட்டாம் நாள் இரவு பாளையங்கோட்டையில் தங்கினோம். அன்று எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். ஏறத்தாழ 600 கிலோமீட்டர் வந்துவிட்டோம். நாளை கடலைப் பார்த்துவிடலாம் என்ற எண்ணம். இரவு ஜெபத்தில்கூட, பயணத்தை முடித்துத் தந்ததற்காக ஸ்தோத்திரம் என்று ஜெபித்துவிட்டோம். இன்னும் 100 கிலோமீட்டருக்கு மேல் மீதி இருந்தது. ஒன்பது நாட்களில் இரண்டாவது நீண்ட நாள் அதுதான். ஆனால் எங்கள் மனம் அதற்குள் பயணத்தை முடித்துவிட்டது. கால்கள் மட்டும்தான் பாக்கி.

அதிகாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். நாங்குநேரி வரை இதமாக இருந்தது. வள்ளியூரைத் தாண்டியதும் வலப்பக்கமிருந்து காற்று தள்ளத் தொடங்கியது. பணகுடி அருகில் சைக்கிளை நேராகப் பிடிக்க முடியவில்லை. காவல்கிணறில் சாலை பிரிகிறது. நான்கு வழிச்சாலையிலேயே தெற்கே போயிருந்தால் கன்னியாகுமரி அதிக தூரமில்லை. ஆனால் நாகர்கோவிலில் சபையார் மதிய உணவு சமைத்து எங்களுக்காகக் காத்திருந்தார்கள். வாக்குக் கொடுத்தாயிற்று. ஆகவே மேற்கே திரும்பினோம்.

ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பற்றித் தென்மாவட்டத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை முடியப்போகும் இடத்தில் மலைகளுக்கு இடையே ஒரு வாசல் திறந்திருக்கிறது. தென்மேற்குப் பருவகாலத்தில் அரபிக்கடல் காற்று அந்த வாசல் வழியே நெருக்கிக்கொண்டு வருகிறது. அதனால்தான் முப்பந்தலைச் சுற்றி அத்தனை காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். காற்றாலைக்கு ஆசீர்வாதமான அந்தக் காற்று, எதிரே போகும் சைக்கிள்காரனுக்கு மலை ஏறுவதைவிடக் கடினம். மேட்டில் ஏறினால் ஒரு இறக்கம் வரும் என்ற நம்பிக்கையாவது இருக்கும். எதிர்க்காற்றில் சமதரையிலும் எழுந்து நின்று மிதிக்க வேண்டியிருந்தது. மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் நின்றுவிடுகிறது.

முழங்கால் வலியால் ஒரு நர்ஸ் சகோதரி நாங்குநேரியிலேயே வேனில் ஏறியிருந்தார். சமையற்கூடத்து அண்ணனுக்குக் காவல்கிணறில் தொடைத்தசை இழுத்துக்கொண்டது, அவரும் ஏறினார். முப்பந்தல் அருகே சாலையோரத்தில் ஒரு மரநிழலில் மற்றவர்கள் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தோம். கன்னியாகுமரிக்கு நாகர்கோவில் வழியாக இன்னும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர்.

சகோதரரே, உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. முதலில் வாயைத் திறந்தது உங்கள் சாப்ளின்தான். “660 கிலோமீட்டர் மிதித்தாயிற்று. மிச்சம் நாற்பது. சைக்கிள்களை வேன் மேல் கட்டுவோம். கன்னியாகுமரிக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது இறங்கி, மறுபடி மிதித்துக்கொண்டு போவோம். நம்முடைய ஆதரவாளர்கள் யாரும் குறை சொல்லமாட்டார்கள்” என்றோம். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. டாக்டரே தலையாட்டினார்.

கொத்தனார் தம்பி மட்டும் தண்ணீர் பாட்டிலை மூடிவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: “நானும் நாலாம் மாசம் இப்படித்தான் நெனச்சேன் ஐயா.”

அந்த வார்த்தையின் பாரம் உங்களுக்கு விளங்க வேண்டுமானால் அவருடைய கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் கதையையும் சொல்ல வேண்டும்.

2018-ம் ஆண்டில் அவருக்குக் காசநோய் என்று சளிப் பரிசோதனையில் தெரிந்தது. சாதாரணக் காசநோய்க்கு 6 மாதச் சிகிச்சை. முதல் 2 மாதம் நான்கு மருந்துகள். அடுத்த 4 மாதம் மூன்று மருந்துகள். ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலானோர் முழுச் சுகம் அடைகிறார்கள். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இரண்டு மாதத்துக்குள்ளாகவே காய்ச்சல் நின்றுவிடும், இருமல் அடங்கும், பசி எடுக்கும், எடை கூடும். நோய் போய்விட்டது என்று நோயாளி நினைப்பார். ஆனால் நுரையீரலுக்குள் எஞ்சியிருக்கும் கிருமிகள் சாகாமல் ஒடுங்கிக் கிடக்கின்றன. அவற்றை அழிப்பதற்குத்தான் மிச்சமுள்ள மாதங்கள். அப்போது மாத்திரையை நிறுத்தினால் அவை திரும்பப் பெருகும். அரைகுறையாக மருந்து சாப்பிட்டிருந்தால், மருந்துக்கு அடங்காத கிருமிகளாகவும் மாறிவிடக்கூடும்.

கொத்தனார் தம்பிக்கு நான்காம் மாதத்தில் வெளியூரில் நல்ல வேலை கிடைத்தது. கூட வேலை செய்கிறவர்கள் பையில் மாத்திரையைப் பார்த்துவிட்டால் தட்டில் சோறு போடமாட்டார்கள் என்று பயந்தார். உடம்பும் நன்றாக இருந்தது. முக்கால்வாசி முடிந்துவிட்டது, மிச்சத்தில் என்ன இருக்கிறது என்று நிறுத்திவிட்டார்.

அப்போது நாங்கள் எங்கே இருந்தோம்? முதல் இரண்டு மாதம் வாரம் தவறாமல் நர்ஸ் சகோதரியும் சாப்ளினும் அவர் வீட்டுக்குப் போனோம். ஜெபித்தோம், மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தோம். மூன்றாம் மாதம் அவர் சாரத்தின் மேல் ஏறி நின்று பூச்சுவேலை செய்வதைப் பார்த்து, “கர்த்தர் சுகம் கொடுத்துவிட்டார்” என்று சந்தோஷப்பட்டுத் திரும்பினோம். அதன்பின் போகவில்லை. புதிதாக வந்த நோயாளிகள் இருந்தார்கள். அவர்களுக்கு எங்கள் நேரத்தைக் கொடுத்தோம். காரணம் நியாயமானதுதான். ஆனாலும் போகவில்லை.

2019-ம் ஆண்டு மழைக்காலத்தில் இரத்தம் கக்கிக்கொண்டு அவர் திரும்பி வந்தார். பரிசோதனையில், மருந்துக்கு அடங்காத காசநோய் என்று தெரிந்தது. வார்டில் அவர் கட்டிலருகே நாங்கள் போய் நின்று, “ஏன் தம்பி மாத்திரையை நிறுத்தினீர்கள்?” என்று கேட்டோம். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “நீங்களும் வர்றத நிறுத்திட்டீங்களே ஐயா.”

அன்று அவருக்குச் சொல்ல எங்களிடம் ஒரு பதிலும் இல்லை. இன்றும் இல்லை.

அந்த இரண்டாவது சிகிச்சை ஒன்றரை ஆண்டுக்கு மேல் நீடித்தது. தோல் கறுத்தது, வாந்தி ஓயவில்லை, காதில் இரைச்சல் கேட்டது. அதே வார்டில் அவருடைய பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் பிழைக்கவில்லை. இவர் 2021-ம் ஆண்டில் கடைசி மாத்திரையை விழுங்கினார். நுரையீரலின் ஒரு பக்கத்து மேல்பகுதி இன்னும் வடுவாகத்தான் இருக்கிறது. டாக்டர் பலமுறை பரிசோதித்த பிறகே அவரைச் சைக்கிள் பயணத்துக்குச் சேர்த்தார்.

அப்படிப்பட்டவர்தான் மரநிழலில் அந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஆய்வகத்துத் தம்பி எழுந்து சைக்கிளை நிமிர்த்தினான். ஒவ்வொருவராக எழுந்தோம். சாப்ளினும் எழுந்தார்.

அதுவரை நாங்கள் ஆளுக்கு ஒரு பக்கமாகச் சிதறி மிதித்துக்கொண்டிருந்தோம். இப்போது எக்ஸ்ரே பிரிவுத் தம்பி ஒரு யோசனை சொன்னார். ஒருவர் பின் ஒருவராக, முன்சக்கரம் பின்சக்கரத்தில் உரசாத அளவுக்கு நெருங்கி வரிசையாகப் போனோம். முன்னால் போகிறவர் காற்றைத் தன் மார்பில் வாங்கிக்கொள்ளுகிறார். பின்னால் வருகிறவருக்குப் பாரம் வெகுவாகக் குறைகிறது. முன்னால் இருப்பவர் களைத்ததும் விலகி வரிசையின் கடைசிக்கு வருவார். அடுத்தவர் முன்னால் போவார். இளைஞர்கள் ஐந்து ஐந்து நிமிடம் முன்னால் போனார்கள். சாப்ளினுக்கு ஒரு நிமிடம்தான் தாங்கியது. கொத்தனார் தம்பியை முன்னால் போக வேண்டாம் என்று டாக்டர் தடுத்தார். “ஒரு முறை மட்டும் டாக்டர்” என்று சொல்லி, இரண்டு நிமிடம் எங்கள் எல்லாருக்கும் முன்னால் அவர் அந்தக் காற்றை வாங்கினார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நாங்கள் மிதித்தோம். வாரந்தோறும் போய் யாரை நாங்கள் தாங்கியிருக்க வேண்டுமோ அவர் எங்களைத் தாங்கிக்கொண்டு போனார்.

நாகர்கோவிலுக்கு ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். சாப்பாடு ஆறியிருந்தது, அன்பு ஆறவில்லை. வேனில் வந்த இருவரும் பந்தியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததைச் சபை மூப்பர் ஒருவர் கவனித்தார். அவர் மேற்குத் திசையைக் கைகாட்டி, அந்தப் பக்கம் இருக்கும் நெய்யூரைப் பற்றிப் பேசினார். 1838-ம் ஆண்டில் தொடங்கிய மிஷன் மருத்துவ ஊழியம் அங்கே நடக்கிறது. அங்கே பல ஆண்டுகள் அறுவை சிகிச்சை செய்த டாக்டர் ஹோவர்ட் சாமர்வெல், 1924-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் எவரெஸ்ட் சிகரத்தில் ஏறத்தாழ 28,000 அடிவரை ஏறியவர். உச்சிக்கு இன்னும் ஆயிரம் அடி அளவே இருந்தது. தொண்டை அடைத்து மூச்சு விட முடியாமல் அங்கேயே நின்றுவிட்டார். இறங்கும் வழியில் உயிர் போகும் நிலைக்கு வந்தார். சிகரம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் நெய்யூரிலும் பின்னர் வேலூரிலும் அவர் கைகளால் எத்தனையோ பேர் பிழைத்தார்கள். “வேனில் ஏறினது தோல்வி இல்லம்மா. முடியாதவங்கள விட்டுட்டுப் போனாத்தான் தோல்வி” என்று மூப்பர் சொன்னார். சகோதரி நிமிர்ந்து சாப்பிடத் தொடங்கினார்.

நாகர்கோவிலிலிருந்து சாலை தென்கிழக்கே திரும்புகிறது. காலையில் எங்களை மறித்த அதே காற்று இப்போது முதுகில் கைவைத்துத் தள்ளியது. சுசீந்திரம், கொட்டாரம் எல்லாம் விரைவில் பின்னால் போயின. தூரத்தில் திருவள்ளுவர் சிலை தெரிந்ததும் இளைஞர்கள் கூவினார்கள். ஆனால் ஒருவரும் முந்திக்கொண்டு போகவில்லை. ஊருக்குள் நுழையுமுன் நின்று, வேன் வரக் காத்திருந்தோம். சகோதரியும் சமையற்கூடத்து அண்ணனும் இறங்கினார்கள். பன்னிரண்டு பேரும் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தே போனோம்.

அங்கே எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கொத்தனார் தம்பியைக் காணவில்லை. தேடிப் பார்த்தால், சற்றுத் தள்ளி ஒரு பாறையின் ஓரமாக நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். வீட்டுக்குச் செய்தி சொல்லுகிறார் என்று நினைத்தோம். கிட்டே போனபோது காதில் விழுந்தது: “கடல் கெடக்கட்டும்டா. இன்னிக்கு மாத்திர போட்டியா?”

நம் தொடர் சிகிச்சையில் இருக்கும் ஒரு இளைஞனிடம் அவர் பேசிக்கொண்டிருந்தார். அவனுக்கு அது ஐந்தாம் மாதம். ஒன்பது நாட்களும், நாங்கள் கால்களுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த ஒவ்வொரு மாலையிலும், இவர் அவனைக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

பிரியமானவர்களே, பவுல் அப்போஸ்தலன் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் நான்காம் அதிகாரம் நமக்கு நன்றாகத் தெரியும். ஓட்டத்தை முடித்தவனின் வெற்றிமுழக்கமாக அடக்க ஆராதனைகளில் அதை வாசிக்கிறோம். ஆனால் அந்த வசனத்தோடு வேதத்தை மூடிவிடுகிறோம். மூடாமல் தொடர்ந்து வாசித்துப் பாருங்கள். ஓட்டத்தை முடித்த அதே மனிதன் சீக்கிரம் வரும்படி தீமோத்தேயுவைக் கெஞ்சுகிறான். ஒருவன் உலகத்தின்மேல் ஆசை வைத்து விட்டுப்போன வருத்தத்தைச் சொல்லுகிறான். துரோவாவில் விட்டுவந்த மேலங்கி வேண்டும், மாரிகாலத்துக்கு முன்னே வா என்கிறான். கிரீடத்தைப் பற்றிப் பேசியவனுக்குக் குளிர் அடிக்கிறது, தனிமை வாட்டுகிறது. அப்போது அவனோடு இருந்தவன் யார்? லூக்கா ஒருவனே. வேறொரு நிருபத்தில் பவுல் வைத்தியன் என்று குறிப்பிடும் அந்த லூக்காதான் கடைசிக் கட்டத்தில் உடன் நின்றான். மிஷன் மருத்துவமனை என்றால் என்ன என்று யாராவது கேட்டால், இனி நாங்கள் அந்த அதிகாரத்தைத்தான் காட்டுவோம்.

1956-ம் ஆண்டில் சென்னையில் காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. நோயாளியைச் சானடோரியத்தில் வைத்துத்தான் குணமாக்க வேண்டும் என்பதில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும் என்று 1959-ம் ஆண்டில் வெளியான அதன் ஆய்வு உலகத்துக்குக் காட்டியது. ஏழைகளுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் அதோடு சிகிச்சையின் கடைசி நாட்கள் வார்டிலிருந்து வீட்டுக்குப் போய்விட்டன. அங்கே நர்ஸ் இல்லை, மணி அடித்து மாத்திரை கொடுப்பவர் இல்லை. கதவைத் தட்ட ஒருவர் போனால்தான் உண்டு.

அரசாங்கம் மாத்திரையை இலவசமாகக் கொடுக்கிறது. சத்துணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயும் நோயாளியின் கணக்கில் போடுகிறது. அதற்காக நன்றி செலுத்துகிறோம். கதவைத் தட்டுவது மட்டும் நம்முடைய பங்கு. நீங்கள் கொடுத்த சைக்கிள் பயணக் காணிக்கை அதற்கே செலவாகிறது: வீடு தேடிப் போகிறவர்களின் பேருந்துக் கட்டணம், பரிசோதனைக்கு வரும் நாளில் நோயாளி இழக்கும் கூலி, கொஞ்சம் முட்டையும் வேர்க்கடலையும். கொத்தனார் தம்பியும் இப்போது ஞாயிறு மாலைகளில் எங்களோடு வருகிறார். நாங்கள் சொல்லும் பத்து வார்த்தைகளைவிட அவருடைய ஒரு வார்த்தையை நோயாளிகள் கேட்கிறார்கள்.

அஸ்திவாரக்கல் நாட்டும்போது கொடுக்க எல்லாருக்கும் மகிழ்ச்சி. புதிய எக்ஸ்ரே இயந்திரத்தைப் பிரதிஷ்டை செய்யும்போது பெயர்ப்பலகை வைக்கலாம். ஒருவருடைய ஐந்தாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் பெயர்ப்பலகை வைக்க இடமில்லை. நோயாளியே தான் சுகமாகிவிட்டதாக நினைக்கும் அந்த நாட்களில் அவரைத் தேடிப் போவது பெருமை இல்லாத வேலை. அந்த வேலையைத் தாங்கும்படிதான் உங்களை அன்போடு கேட்டுக்கொள்ளுகிறோம்.

இறுதியாக ஒரு விண்ணப்பம். உங்கள் குடும்பத்திலோ சபையிலோ முக்கால்வாசி சுகமானவர் ஒருவர் இருப்பார். அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர், துணையை இழந்து ஆறு மாதமானவர், குடியை விட்டுச் சில மாதமானவர். முதல் வாரம் நாம் எல்லாரும் போய்ப் பார்த்தோம். இப்போது நன்றாக இருக்கிறார் என்று விட்டுவிட்டோம். இன்று இந்தக் கூட்டம் முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய் வாருங்கள். போக முடியாவிட்டால் போனிலாவது கூப்பிட்டுக் கேளுங்கள்.

அந்த இளைஞன் ஆறு மாதத்தையும் முடித்துவிட்டான் என்பதை ஸ்தோத்திரத்தோடு அறிவிக்கிறோம். கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. முடிவுத்தாளை வாங்கியதும் அவன் முதலில் கூப்பிட்டுச் சொன்னது கொத்தனார் தம்பிக்குத்தான்.

நல்ல வேலையை நம்மில் தொடங்கின தேவன் அதை முடிவுவரை நடத்துவாராக. அவருக்கே மகிமை உண்டாவதாக. ஆமென்.